ரிங்கோ ஸ்டாருக்கு உரிய பெயர் கிடைத்ததா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடைக்கானலில் டிரம்ஸ் சொல்லித்தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பு, முகூர்த்த மாதங்களில் கீழே வத்தலக்குண்டு, பழனி வரை ஆர்கெஸ்ட்ரா, மற்ற நாட்களில் வகுப்பு. நாயுடுபுரம், செண்பகனூர்ப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளும், அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும், ஊர் சுற்ற வந்து வகுப்பை எட்டிப் பார்க்கும் கிடார்க்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது பீட்டில்ஸ் டிரம்மரைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இந்தப் பக்கம்.

யார் இந்த ரிங்கோ? எனக்கு பீட்டில்ஸ் என்ற பெயர் மட்டும்தான் தெரியும்.

பீட்டில்ஸ் என்ற ராக் குழுவின் டிரம்மர், இங்கிலாந்தின் லிவர்பூல்காரர். 1940 ஜூலை 7-இல் பிறந்தார், இயற்பெயர் ரிச்சர்ட் ஸ்டார்கி. ஆறு வயதில் குடல்வால் வெடித்துச் சாவின் விளிம்புவரை போய் வந்தவர். பதின்மூன்று வயதில் காசநோய். நீண்ட நாள் சானடோரியத்தில் இருந்தபோது, அங்கே பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காக வைத்திருந்த வாத்தியக் குழுவில்தான் கை தட்ட ஆரம்பித்தது. 1962 ஆகஸ்டில் பீட் பெஸ்ட் என்ற டிரம்மரை நீக்கிவிட்டு, வேறொரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்த இவரை ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் மூவரும் சேர்த்துக்கொண்டார்கள். 1970-இல் குழு கலைந்தது. ஜானும் பாலும் பாட்டு எழுதுபவர்கள், ஜார்ஜ் கிடார், இவர் பின்னால் உட்கார்ந்திருப்பவர். பலருடைய நினைவில் அவ்வளவுதான்.

"பீட்டில்ஸுக்குள்ளேயே அவர் சிறந்த டிரம்மர் கிடையாது" என்று ஜான் லெனனே சொன்னாராமே?

சொல்லவில்லை. ஜான் 1980 டிசம்பரில் சுடப்பட்டு இறந்துவிட்டார். அந்த நக்கல் அதன்பிறகு பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் உலவியது. யாரோ அடித்த ஜோக்கை ஜான் தலையில் கட்டிவிட்டார்கள், அது நன்றாக ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பையனும் இதை ஏதோ ரகசியம் போலச் சொல்கிறான்.

ஆனால் இந்த அவநம்பிக்கை ஆகாயத்திலிருந்து விழவில்லை. முதல் சிங்கிளான (ஆல்பமாக இல்லாமல் தனியாக வெளியிடும் சிறிய இசைத்தட்டு) 'லவ் மீ டூ'வை 1962 செப்டம்பர் 4-ஆம் தேதி ரிங்கோ வாசித்துப் பதிவு செய்தார்கள். தயாரிப்புத் தரப்புக்குத் திருப்தியில்லை. ஒரு வாரம் கழித்து, 11-ஆம் தேதி, ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிக்கும் ஆண்டி ஒயிட் என்ற அனுபவசாலியை வரவழைத்து அதே பாட்டை மறுபடி எடுத்தார்கள். ரிங்கோ கையில் டாம்பரினை (கையில் குலுக்கும் சலங்கை வளையம்) கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூடத் திரும்பாத ஆளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த யாரும் சொல்வார்கள்.

அதே ஆள், அடுத்த பிப்ரவரி 11-ஆம் தேதி, முதல் ஆல்பத்துக்கு வேண்டிய பத்துப் பாட்டுகளை ஒரே நாளில் உட்கார்ந்து வாசித்து முடித்தார். தாளம் பிசகாமலிருக்கக் காதில் கிளிக் சத்தம் ஓடும் காலமில்லை. தப்பு வந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டித் தப்பிக்கும் வசதியும் பெரிதாக இல்லை. டெம்போ தள்ளாடினால் நாலு பேரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வட்டக்கானலில் ஹோம்ஸ்டேயில் கிடார் வைத்துக்கொண்டு பீட்டில்ஸ் பாட்டெல்லாம் பாடுகிறோம். டிரம்ஸே இல்லாமல் நன்றாகத்தானே இருக்கிறது?

நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாமலே விஷயத்தின் அடிமடியில் கை வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் பாடுவது பாட்டு. மெட்டும் வரியும். அது ஜானும் பாலும் செய்தது, அதில் ரிங்கோவுக்குப் பங்கு கிடையாது. உலகம் ஐம்பது அறுபது வருடமாகக் கேட்பதோ இசைத்தட்டு, அதாவது அந்தப் பாட்டை நாலு பேர் ஸ்டுடியோவில் வாசித்து உண்டாக்கிய ஓசை. அந்த இரண்டாவது சரக்கில் நாலில் ஒரு பங்கு ரிங்கோவுடையது, சில பாட்டுகளில் அதற்கும் மேல்.

'கம் டுகெதர்' எடுத்துக்கொள்ளுங்கள், 1969. கிடாரில் அதைப் பாடிப் பாருங்கள், ஒரு சாதாரண ப்ளூஸ் மாதிரி கிடக்கும். இப்போது ரெக்கார்டைப் போடுங்கள். ஜான் கிசுகிசுத்ததும் ஹை-ஹேட்டில் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) மும்மூன்றாக ஒரு சின்ன ஓட்டம், அப்படியே டாம்களில் (ஆழமாக ஒலிக்கும் டிரம்கள்) இறங்கி அடியில் உள்ள பெரிய டாமில் போய் உட்காருகிறது. மற்றவர்கள் அந்த இடத்தில் ஸ்நேரில் (நடுவில் இருக்கும், சுள்ளென்று கேட்கும் டிரம்) "டப், டப்" என்று அடித்து நகர்ந்திருப்பார்கள். இவர் வழக்கமான பீட்டே அடிக்கவில்லை. அந்த இறக்கத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டைப் பாட்டின் தொடக்கத்திலேயே அடையாளம் காண முடியாது. ஒரு மெட்டின் வேலையை டிரம்ஸ் செய்கிறது.

'டுமாரோ நெவர் நோஸ்', 1966. பெரும்பாலும் ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நிற்கும் பாட்டு, தம்புரா சுருதி போல. சுருதி நகராதபோது பாட்டை நகர்த்துவது யார்? ரிங்கோவின் அந்த நொண்டியடிக்கும் பீட்தான். ஒரே பீட்டைத் துளி மாறாமல் கடைசிவரை பிடிக்கிறார். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் லூப் போடும் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, மெஷினா மாஸ்டர் என்கிறார்கள். இல்லை, இரண்டு கை, இரண்டு கால்.

'ரெயின்', அதே வருடம், ஒரு சிங்கிளின் பின்பக்கம். தன் வாசிப்பிலேயே சிறந்தது இதுதான் என்று ரிங்கோவே சொல்லியிருக்கிறார். வாத்தியங்களை வேகமாக வாசித்துப் பதிவு செய்து, நாடாவை மெதுவாக ஓட விட்டார்கள். அதனால்தான் டிரம்ஸ் அத்தனை கனமாகக் கேட்கிறது. நம்மூரில் ஜூன் மாதம் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும்போது கேட்க ஏற்ற பாட்டு, அது வேறு விஷயம்.

அவர் இடது கைக்காரரா? அதனால் என்ன வித்தியாசம்?

இடது கைக்காரர்தான், வாசித்தது வலது கைக்காரர்களுக்காக வைத்த செட்டில். சிறுவயதில் பாட்டி வலது கைக்கு மாற்றிவிட்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் "அந்தக் கையாலயா வாங்குற?" என்று அதட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

வித்தியாசம் ரோலில், அதாவது டிரம்களின் மேல் வரிசையாக உருட்டி அடிப்பதில் தெரியும். மடியில் கை வைத்துச் செய்து பாருங்கள். ஸ்நேரிலிருந்து கிளம்பும் ரோல் வலப்பக்கமாக டாம், பெரிய டாம் என்று போகும். வலது கையில் ஆரம்பித்தால் வலது கை முதலில் நகரும், இடது கை பின்னாலேயே வரும். சிக்கலே இல்லை. இப்போது இடது கையில் ஆரம்பியுங்கள். அடுத்த டாமுக்கு முதலில் போக வேண்டியது இடது கை, வழியில் வலது கை குறுக்கே நிற்கும். ஒன்று, கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஒரு நொடிப் பிசிறு நேரம் பிடிக்கும். அல்லது எல்லோரும் போகும் பாதையை விட்டுவிட்டு வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். ரிங்கோவின் ரோல்களில் கேட்கும் அந்தச் சின்னத் தயக்கம், எதிர்பாராத இடத்தில் விழும் அடி, எல்லாம் இந்த இடைஞ்சலிலிருந்து பிறந்தவை. 'எ டே இன் த லைஃப்' பாட்டில் ஜானின் வரிகளுக்கு நடுவே அகலமாக, அவசரமில்லாமல் உருளும் டாம்களைக் கேளுங்கள். அதை எழுதிவைத்து அப்படியே வாசிக்கச் சொன்னால் வலது கைக்காரர்கள் சரியாக வாசிப்பார்கள், ஆனால் அந்தச் சாய்வு வராது.

இந்த இடத்தில் நம் மலையடிவாரத்தின் பெயரைத் தாங்கிய ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை, மிருதங்கம், அவரும் இடது கை. மேடையில் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவது வழக்கம், அப்போதுதான் வலந்தலை (வலது கையால் வாசிக்கும் முகம்) சபையைப் பார்த்திருக்கும். இவர் அங்கே உட்கார்ந்தால் தொப்பி என்கிற மறுமுகம்தான் சபைப்பக்கம் இருக்கும். ஆகவே எதிர்ப்பக்கம் மாற வேண்டும், வயலின்காரர் இடம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒப்பாதவர்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற ஒரு பெரிய பாடகர் தூக்கிவிட்ட பிறகுதான் கதவு அகலமாகத் திறந்தது. பழனி காலமானது 1962-இல். சென்னை மியூசிக் அகாடமி ஒரு மிருதங்கக்காரருக்கு முதன்முதலாக சங்கீத கலாநிதி விருது கொடுத்தது 1966-இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பாடகர்களுக்கும் வயலின்காரர்களுக்கும் அதற்கு முன்பே எத்தனையோ பேருக்குக் கொடுத்தாயிற்று. தாளக்காரன் வரிசையில் கடைசி என்பது லிவர்பூலில் மட்டும் நடந்த கதையில்லை.

மற்றவர்கள் சொன்னதைத்தானே வாசித்தார்? அதற்கு எதற்குத் தனிப் பெயர்?

சில பாட்டுகளில் அப்படித்தான். 'டிக்கெட் டு ரைட்'டின் அந்தத் தடுக்கி விழும் டிரம்ஸ் பாலின் யோசனை என்று ஜானே பேட்டியில் சொல்லியிருக்கிறார். பால் நன்றாக டிரம்ஸ் வாசிப்பார், அபிப்பிராயமும் நிறைய உண்டு. அதை மறைத்து ரிங்கோவைத் தூக்கிப் பிடிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் "இந்த மாதிரி ஒண்ணு வாசி" என்று வாயால் சொல்வதற்கும், அது மூன்று நிமிடம் உயிரோடு நிற்பதற்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். 1969 ஜனவரியில் எடுத்த படச்சுருள்களை வைத்து 2021-இல் பீட்டர் ஜாக்சன் ஒரு நீண்ட ஆவணப்படம் கொண்டுவந்தார். அதில் 'கெட் பேக்' பாட்டைப் பால் ஒன்றுமில்லாததிலிருந்து தட்டித் தட்டி எழுப்புகிறார். ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார். ரிங்கோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே கை தட்ட ஆரம்பிக்கிறார். பிறகு அதே பாட்டுக்கு ஸ்நேரில் குதிரை ஓட்டம் ஒன்றைப் பிடித்தார், பாட்டு முழுக்க அதன் மேல்தான் சவாரி செய்கிறது. படம் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். முழுக்கப் பார்த்தால் எனக்குப் பிடித்தது, அவர் எதுவும் செய்யாமல் காத்திருக்கும் இடங்கள்தான்.

சோலோ வாசிக்கத் தெரியாதவர் எப்படிப் பெரிய டிரம்மர்?

சோலோ பிடிக்காதவர். பீட்டில்ஸ் ரெக்கார்டுகளில் அவருடைய சோலோ என்று இருப்பது ஒன்றே ஒன்று, 'த எண்ட்' பாட்டில், பதினைந்து நொடி அளவுக்கு. அதையும் மற்றவர்கள் வற்புறுத்தித்தான் வாசிக்க வைத்தார்கள்.

லெட் செப்லினின் ஜான் போனம் மேடையில் நிமிடக் கணக்கில் தனியாக வாசித்தவர். வேகத்திலும் பலத்திலும் ரிங்கோ அவர் பக்கத்தில் நிற்க முடியாது. த ஹூவின் கீத் மூன் மாதிரி புயல் கிளப்பவும் மாட்டார். சரி, இதில் தகராறு இல்லை. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி சபை காபிக்கு எழுந்து போகிறது, ஆனால் கீர்த்தனையில் மிருதங்கம் ஒரு இடத்தில் நிறுத்தி ஒரு இடத்தில் தொட்டால் அதே சபை "ஆகா" என்கிறது. பாட்டுக்கு வாசிக்கிறவர் என்று சொல்கிறோமே, ரிங்கோ அந்த ஜாதி.

அவர் இல்லாமலும் சமாளித்தார்களே?

சமாளித்தார்கள். 1964 ஜூனில் தொண்டை வீங்கி ரிங்கோ ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஜிம்மி நிக்கல் என்பவரைக் கூட்டிக்கொண்டு டென்மார்க், ஹாலந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியா போனார்கள். ரிங்கோ இல்லாமல் போக முடியாது என்று ஜார்ஜ் முதலில் முரண்டு பிடித்தார், பிறகு போனார். கச்சேரிகள் நடந்தன. கூட்டம் போட்ட கூச்சலில் டிரம்ஸ் யார் வாசித்தாலும் கேட்டிருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

1968-இல் நடந்தது வேறு. அந்த பிப்ரவரியில் நால்வரும் ரிஷிகேஷ் வந்தார்கள். கிடாரை வைத்துக்கொண்டு மற்றவர்கள் பாட்டு பாட்டாக எழுதிக் குவித்தார்கள். டிரம்மருக்கு அங்கே என்ன வேலை? சின்ன வயதில் கெட்ட வயிறு, மசாலா ஆகாது, டின்னில் அடைத்த பீன்ஸைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டு வாரம்கூடத் தாங்காமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்த ஆகஸ்டில், தான் சரியாக வாசிக்கவில்லை, மற்ற மூவரும் நெருக்கமாக இருக்கிறார்கள், தான் மட்டும் வெளியே நிற்கிறோம் என்று தோன்றி, வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லிக் கிளம்பினார். ஜானிடம் இதைச் சொன்னபோது, நீங்கள் மூவரும்தான் நெருக்கம் என்று நான் நினைத்தேன் என்றாராம். பாலிடம் போனால் அவரும் அதையே சொன்னாராம்! அவர் போன இடைவெளியில் 'பேக் இன் த யு.எஸ்.எஸ்.ஆர்.' பாட்டுக்குப் பால் டிரம்ஸ் வாசித்தார். மோசமில்லை. ஆனால் திரும்பி வா என்று ரிங்கோவுக்குத் தந்தி போனது, திரும்பி வந்தபோது டிரம் செட் முழுக்கப் பூ வைத்திருந்தது. ஜார்ஜ் செய்த ஏற்பாடு.

டிரம்ஸ் மேல் துண்டு போட்டு வாசித்தாராமே? நம் கோடைக்கானல் ஈரத்துக்குத் துண்டே வேண்டாம் போலிருக்கிறதே?

இரண்டும் ஒன்றில்லை. துண்டு செய்வது, அடித்த பிறகு தோல் ரீங்கரித்துக்கொண்டிருப்பதை அமுக்குவது. "டூம்ம்ம்" என்பது "டும்" என்று நிற்கும். பிற்கால ரெக்கார்டுகளில் சமையலறைத் துணியை டாம்கள் மேல் போட்டு வாசித்திருக்கிறார். 'டுமாரோ நெவர் நோஸ்' பதிவில் காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை வழக்கத்தை விட மிக அருகில் வைத்தார் சவுண்ட் இன்ஜினியர் ஜெஃப் எமரிக். நால்வரும் சேர்ந்து போட்டுக்கொள்ளும்படி நாலு கழுத்து வைத்துப் பின்னிய ஸ்வெட்டர் அது.

ஈரம் செய்வது வேறு. மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்து சுருதி இறங்கும். அதனால்தான் பறையை நெருப்பில் காட்டுகிறார்கள். டிரம் செட்டில் இப்போது இருப்பது பிளாஸ்டிக் தோல், 1950-களின் கடைசியில் வந்தது. அது மேகத்துக்கு மசியாது. இங்கே ஈரத்தால் கெடுவது திருகாணியும் ஸ்டாண்டும்தான், துருப்பிடித்துவிடும். எண்ணெய் போடுங்கள். துண்டு போட்டுப் பார்க்க ஆசையென்றால் மெல்லிய குற்றாலத் துண்டு போதும், தேங்காய்ப்பூத் துண்டு போட்டால் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கும்.

பணமாவது ஒழுங்காகக் கிடைத்ததா?

ஏழையாக இல்லை, அதற்காகக் கண்ணீர் விட வேண்டாம். ஆனால் பாட்டுக்கான ராயல்டி எழுதியவர்களுக்கே போகும். ரிங்கோ தனியாக எழுதியதாகப் பீட்டில்ஸில் இருப்பது இரண்டு பாட்டு. அவர்களுடைய பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் கம்பெனி 1965-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஜானுக்கும் பாலுக்கும் ஆளுக்கு 15 சதவீதம், ஜார்ஜுக்கும் ரிங்கோவுக்கும் சேர்த்து 1.6 சதவீதம். 'கம் டுகெதர்' டிரம்ஸை யார் யோசித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வாசிப்பு, படைப்பு இல்லை.

வேறு மாதிரியும் செய்யலாம். ஆர்.இ.எம். என்ற அமெரிக்கக் குழு டிரம்மர் உட்பட நாலு பேர் பெயரிலேயே பாட்டுகளைப் போட்டது. குயீன் குழு 1989-இல் ஒரு ஆல்பத்தின் எல்லாப் பாட்டுகளையும் குழுவின் பொதுப் பெயரில் போட்டது.

நம் சினிமாப் பாட்டில்?

கேசட் உறையில் படம், இசை, பாடல், பாடியவர். டிரம்ஸ் யார் என்று தேடினால் கிடைக்காது. இளையராஜாவின் பாட்டுகளில் நாம் வாயால் "டுக்குடு டுக்குடு" என்று போட்டுக் காட்டும் எத்தனையோ ரோல்களை வாசித்த புருஷோத்தமனின் பெயர் வாத்தியக்காரர்களுக்குத் தெரியும், கேட்டவர்களில் பலருக்குத் தெரியாது. ஏ.ஆர்.ரஹ்மான் வந்த பிறகு உறையில் வாத்தியக்காரர்கள் பெயரும் வர ஆரம்பித்தது. சிவமணியின் பெயரை ஊரே சொல்லும், அது அவர் மேடையில் முன்னால் வந்து வாசிப்பதாலும்தான். கோடை பண்பலையில் பாட்டு போடும்போது டிரம்மர் பெயரையும் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்கொரு ஆசை உண்டு, நேரம் இடம் கொடுக்காதுதான்.

அப்படியானால் உங்கள் முடிவு? அவருக்கு இன்னும் பெயர் வேண்டுமா?

வேண்டும், ஆனால் இப்போது கொடுக்கும் விதத்தில் இல்லை. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் தனிக் கலைஞராக மற்ற மூவரும் போன பிறகு, 2015-இல் கடைசியாக அவரைச் சேர்த்தார்கள். 2018-இல் சர் பட்டம். நல்ல மனுஷன், நகைச்சுவைக்காரர், நாலு பேரையும் ஒட்டவைத்தவர் என்றெல்லாம் புகழுகிறார்கள். அது பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கொடுக்கும் சர்டிபிகேட். மறுபக்கம், உலகத்திலேயே பெரிய டிரம்மர், அவர் இல்லாவிட்டால் பீட்டில்ஸே இல்லை என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஜானும் பாலும் எழுதிய பாட்டுகள் இல்லாமல் ரிங்கோவை நாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

எனக்கு வேண்டியது இவ்வளவே. 'ரெயின்', 'கம் டுகெதர்', 'டுமாரோ நெவர் நோஸ்' பற்றிப் பேசும்போது அந்த டிரம்ஸை ஒரு இசையமைப்பாகப் பேச வேண்டும், செய்தவர் பெயரோடு. பொதுவாகப் புகழ வேண்டாம், இன்ன பாட்டு, இன்ன இடம் என்று சொன்னால் போதும்.

மாஸ்டர், ரிங்கோவை எந்தப் பாட்டிலிருந்து பழகலாம்?

'கம் டுகெதர்' வேண்டாம், எல்லோரும் அதில்தான் குதிக்கிறார்கள், டாமில் இறங்குவதற்குள் டெம்போ ஓடிவிடும். 'கெட் பேக்'கின் ஸ்நேர் ஓட்டத்தை ரப்பர் பேடில் பாதி வேகத்தில் வாசியுங்கள், மணிக்கட்டு இறுகாமல் மூன்று நிமிடம் தாங்கினால் அடுத்ததுக்குப் போகலாம்.

அதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம். அந்த 1962 செப்டம்பரில் எடுத்த 'லவ் மீ டூ' இரண்டு விதமாகக் கிடைக்கிறது, இரண்டையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். டாம்பரின் சத்தம் கேட்டால் டிரம்ஸ் வாசிப்பது ஆண்டி ஒயிட். டாம்பரின் இல்லையென்றால் ரிங்கோ. எது உங்களுக்குப் பிடித்தது, ஏன் என்று நாலு வரி எழுதிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள்.